மணிக்குப் போடாத ஊசி



"இந்த வருஷம் மலருக்கு நீயும் ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மலர்க்குழு நண்பன் வந்து கேட்டபோது, அவன் என்ன எதிர்பார்த்தான் என்று எனக்குத் தெரியும். 'தொழிற்சாலையில் ரோபோ', 'டிப்ளமோ முடித்தபின் என்ன செய்யலாம்' என்கிற மாதிரி ஏதாவது. அதெல்லாம் எழுத நம் துறையிலேயே கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு நாயைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாமல் கொஞ்சம் படியுங்கள். உங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று படுத்திருக்கும்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கண்மாய், கருவேலங்காடு, ஒரு டீக்கடை, ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்து போகிற டவுன் பஸ். அப்பா லாரி மெக்கானிக். வீட்டில் அப்பா, அம்மா, அப்பத்தா, தங்கச்சி, நான். ஆறாவது ஆளாக மணி.

மணி எப்படி வந்தான் என்று யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மழை நாளில் திண்ணைக்குக் கீழே வந்து ஒண்டியது ஒரு செவலைக் குட்டி. அப்பா "யாரும் சோறு வைக்காதீங்க, வச்சா இங்கேயே கிடக்கும்" என்றார். அப்பத்தா வைத்துவிட்டது. அவ்வளவுதான்.

நம்ம பக்கம் பெருமைப்பட்ட நாய்கள் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று. 2005-இல் இந்தியத் தபால்துறை நம் நாட்டு நாய்களுக்கு நாலு ஸ்டாம்பு போட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். எங்கள் மணிக்கு அந்த ஜாதகம் எதுவும் கிடையாது. காது ஒன்று நிற்கும், ஒன்று மடங்கும். வால் எந்நேரமும் சுருட்டிக்கொண்டே இருக்கும். குரைப்பதில் மட்டும் குறையே இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரை நாலு வருஷமாகப் பார்த்தும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறரை மணி பஸ்ஸில் நான் ஹாஸ்டலிலிருந்து வருவேன் என்று அவனுக்கு எப்படியோ தெரியும். பஸ் ஸ்டாப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். டிராயிங் ஷீட் ரோலும் மினி டிராஃப்டருமாக நான் இறங்கினால், முதலில் அந்த ரோலை மோந்து பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பான். அரியர் விழுந்த வாரம் வீட்டுக்குப் போகிற கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா? அந்த வாரமும் முழு வாலையும் ஆட்டிக்கொண்டு வந்த ஒரே ஜீவன் அவன்தான்.

அப்பத்தாவுக்கு மணி என்றால் தனி. தாத்தா இறந்தபிறகு அது வெளியே போவதே குறைந்துபோனது. காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் மணியோடுதான் பேச்சு. "உங்க தாத்தா இருந்தா இந்நேரம் ரெண்டு காபி குடிச்சிருப்பாருய்யா" என்று அவனிடம் சொல்லும். அவனும் கேட்பான். ராத்திரி சாப்பிடும்போது கடைசி உருண்டையை உள்ளங்கையிலேயே வைத்து ஊட்டும். அம்மா சத்தம் போடுவாள், "தட்டுல போடுங்களேன் அத்தை" என்று. கேட்டால்தானே?

அப்பா மட்டும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "அந்த நாயை எங்க காணோம்?" என்பார். ஆனால் பட்டறையிலிருந்து வரும்போது டீக்கடை பொறை ரெண்டு சட்டைப் பையில் இருக்கும். யாருக்கு என்று நாங்கள் கேட்கமாட்டோம்.

இப்படிப்பட்ட மணி யார் வீட்டு நாய்? நாங்கள் "எங்க மணி" என்போம். ஆனால் கழுத்தில் பட்டை கிடையாது. சங்கிலி கிடையாது. எங்கள் வீட்டில் சாப்பாடு, மாரியம்மன் கோயில் மேடையில் தூக்கம், ஊர் முழுக்கச் சுற்று. பக்கத்துத் தெருவில் அவனால் கோழிக்குஞ்சு செத்தால் "அது யார் வீட்டு நாயோ, இங்கதான் கிடக்கும்" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். நல்லது செய்தால் எங்கள் நாய், வம்பு செய்தால் ஊர் நாய். இந்தச் சௌகரியத்தைப் பற்றித்தான் நான் பின்னால் பேசவேண்டியிருக்கிறது.

2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை. அன்றைக்கு உலக ரேபிஸ் தினம். பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்தில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம். டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா சொன்னாள்: "காலையில மணியைக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுட்டு வந்துருப்பா. ரெண்டு கிலோமீட்டர்தானே."

"சரிம்மா" என்றேன்.

அன்றைக்குக் கண்மாயில் கிரிக்கெட் டோர்னமெண்ட். தண்ணீர் வற்றி, பிட்ச் போட்டு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, முதல் பரிசு 3001 ரூபாய். காலையில் ஒன்பது மணிக்கு எங்கள் டீமுக்கு மேட்ச். 'மதியம் போய்க்கலாம்' என்று நினைத்தேன். மதியம் அடுத்த மேட்ச். சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா "போட்டாச்சா?" என்றாள். நான் "ம்" என்றேன்.

ஒரு எழுத்துதான் நண்பர்களே. நான் அன்றைக்கு மொத்தமாக அடித்தது 11 ரன்.

ஜனவரியில், பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால், மணி கழுத்தில் கடியோடு வந்தான். மடங்குகிற காது கிழிந்திருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு கறுப்பு நாய் தெருநாய்களை எல்லாம் விரட்டிக் கடித்ததாகச் சொன்னார்கள். ரெண்டு நாள் திரிந்தது, பிறகு காணோம். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மார்கழி மாதம் நாய்ச் சண்டை புதிதா? அப்பத்தா வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டது. பத்து நாளில் புண் ஆறிவிட்டது. மணி பழையபடி சிலிண்டர்காரரை விரட்டினான்.

பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். புளியமரத்தடி காலியாக இருந்தது.

வீட்டில் மணி தொழுவத்து மூலையில் நின்றுகொண்டிருந்தான். படுக்கவில்லை. வாய் பாதி திறந்தபடி, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் நூல் மாதிரி வடிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து வாலை லேசாக அசைத்தான். குரைக்கப் பார்த்தான். சத்தம் வேறு யாருடையதோ போல, கம்மிப்போய் வந்தது. "ரெண்டு நாளா சாப்பிடலைய்யா, தொண்டையில எலும்பு மாட்டிருக்கு" என்றது அப்பத்தா. பார்க்க அப்படித்தான் இருந்தது. சட்டியில் தண்ணீர் வைத்தோம். வாயை உள்ளே விட்டான். தண்ணீர் உள்ளே போகவில்லை, தாடை வழியாக அப்படியே திரும்பி வடிந்தது. மறுபடி விட்டான், மறுபடி வடிந்தது.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சட்டைக் கையை மடக்கினார். "செல்லுல லைட்டைப் போடு" என்றார். நான் ஒரு கையில் மணியின் தலையைப் பிடித்து, இன்னொரு கையில் செல்போன் லைட்டைக் காட்டினேன். அப்பா அவன் வாய்க்குள் கையை விட்டு, தொண்டை வரைக்கும் விரலால் துழாவினார். ஸ்பேனர் வழுக்கி வெட்டிய காயம் ரெண்டு விரலில் இருந்தது. மெக்கானிக் கையில் காயம் இல்லாத நாள் ஏது? மணி கடிக்கவில்லை. அசையக்கூட இல்லை. எலும்பு எதுவும் தட்டுப்படவில்லை.

"காலையில டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்று அப்பா வேட்டியிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அப்பாவின் டி.வி.எஸ்.-50இல் நான் மட்டும் மருந்தகத்துக்குப் போய், இப்படி இப்படி என்று சொன்னேன். கால்நடை டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"யாராவது வாய்க்குள்ள கையை விட்டீங்களா?"

நான் பேசவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே கிளம்பி வந்தார். கிட்டே போகாமல் தூரத்தில் நின்றே கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னங்கால் அப்போதே தள்ளாட ஆரம்பித்திருந்தது. "எலும்பு இல்லைங்க. இது ரேபிஸ்தான்னு வச்சுக்கிட்டு நடந்துக்கங்க. எல்லாரும் இன்னைக்கே ஊசி போடணும்" என்றார்.

"வெறிநாய்னா கடிக்கும்ல சார், இது யாரையும் கடிக்கலையே" என்றாள் அம்மா. "தண்ணியைக் கண்டு பயப்படவே இல்லைய்யா, குடிக்கத்தானே பார்க்குது" என்றது அப்பத்தா.

நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாமே தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த நோய் நாய்க்கு ரெண்டு விதமாக வரும். ஒன்று, கண்டதையெல்லாம் பாய்ந்து கடிக்கிற விதம். நாம் சினிமாவில் பார்த்தது. இன்னொன்று, சத்தமே இல்லாமல் தாடையும் தொண்டையும் செயலிழந்துபோகிற விதம். பார்க்க எலும்பு மாட்டினது போலவே இருக்கும். பாசமுள்ளவன்தான் கையை விடுவான். தண்ணீரைக் கண்டு பயப்படுவது நோய் கண்ட மனுஷனுக்கு, நாய்க்கு அல்ல. கடியில் நுழைகிற வைரஸ் நரம்பு வழியாகவே மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. அதற்கு வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். பொங்கலுக்கு முன்னால் பட்ட கடி, மாசி மாதம் வந்து நின்றது. அறிகுறி தெரிந்துவிட்டால், மனுஷனானாலும் நாயானாலும், பிழைப்பது ஏறக்குறைய கிடையாது.

"தடுப்பூசி போட்டிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"செப்டம்பர்ல முகாம்ல போட்டோம் சார்" என்றாள் அம்மா, என்னைப் பார்த்தபடி.

அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் ஊருக்குத் திரும்பியபோது கூடவே வண்டியில் போய், மருந்தக வாசலில் நின்று அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கடிபட்ட அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தாக்கூட ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம் தம்பி" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மதியமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஐந்து பேரும் ஆட்டோவில் போனோம். ஐந்து பேர் என்று சொல்கிறேன், அப்பத்தாவை ஏற்றுவதற்குள் பட்ட பாடு தனிக்கதை. "எனக்கு எதுக்கு ஊசி? அது என்னைக் கடிச்சுச்சா? பச்சிலை குடுக்கிறவன் ஒருத்தன் இருக்கான், போதும்" என்று தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஆனால் தினமும் கையில் சோறு ஊட்டியது யார்? அரிவாள்மனையில் வெட்டிய காயத்தை நக்கியது எந்த வாய்? அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்னாலிருந்தே எச்சிலில் கிருமி இருக்குமாம்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகக் கேட்டார், "பாட்டி, ஊசின்னா என்ன பயம்?"

அப்பத்தாவின் பயம் அப்போதுதான் வெளியே வந்தது. அதன் தம்பியைச் சின்ன வயதில் வெறிநாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்களாம். வயிறு பானை மாதிரி வீங்கி, பிள்ளை அலறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறதாம்.

"அந்தத் தம்பி பிழைச்சாரா பாட்டி?"

"அவனுக்கென்ன, பேரன் பேத்தி எடுத்துட்டு ஜம்முனு இருக்கான்."

"அப்ப நல்ல ஊசிதானே?"

அப்பத்தாவிடம் இதற்குப் பதில் இல்லை. அந்தப் பழைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது, 2004 டிசம்பரோடு நம் நாட்டில் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள், இப்போது கையில் சின்ன ஊசிதான் என்று டாக்டரம்மா விளக்கினார். முதல் நாள், மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலும் தோலுக்குள் ஒரு துளி. போட்டு முடித்ததும் அப்பத்தா "இம்புட்டுத்தானா?" என்று டாக்டரம்மாவையே அதட்டியது.

அப்பாவுக்கு மட்டும் அது போதாது. திறந்த காயத்தில் எச்சில் பட்டிருந்ததால், காயத்தைச் சுற்றியே போடுகிற வேறு மருந்து ஒன்றும் வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விரல் நுனியில் சதை ஏது? அங்கே ஊசியைக் குத்தி மருந்தை ஏற்றினார்கள். இரும்பு விழுந்து நகம் பிய்ந்தபோதுகூட "ஸ்" என்று சொல்லாத மனுஷன், அன்றைக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். என்னுடைய "ம்" என்ற அந்த ஒரு எழுத்து அந்த அறை முழுக்க நின்றது.

மணி திங்கட்கிழமை விடிகாலையில் செத்துப்போனான். தொழுவத்துக் கதவை வெளியே தாழ் போட்டிருந்தோம். யாரும் உள்ளே போகக்கூடாது, தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சனி ராத்திரியும் ஞாயிறு ராத்திரியும் அப்பா அந்தக் கதவுக்கு வெளியே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். தூங்கினாரா என்று தெரியாது. ஞாயிறு ராத்திரி நான் ஒண்ணுக்குப் போக எழுந்தபோது, "மணி... டேய் மணி..." என்று கதவைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கையில் உறை மாட்டி, சாக்கில் சுற்றி, கருவேலங்காட்டு ஓரம் ஆழக் குழி வெட்டி, பிளீச்சிங் பவுடர் கொட்டிப் புதைத்தோம். குழியைச் சரியான ஆழம் வரும்வரை அப்பா விடவில்லை. அப்பத்தா தூரத்தில் நின்று "போய்ட்டு வாய்யா" என்றது. தங்கச்சியைக் கிட்டே விடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. ஒரு பசுமாடு செத்தால் நாலு பேர் வந்து விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். "நல்லவேளை, யாரையும் கடிக்கலை", "சனியன் ஒழிஞ்சுதுன்னு விடுங்க", "வெறி பிடிச்ச நாயை அப்பவே அடிச்சுக் கொன்னிருக்கணும்". யார்மீதும் தப்பில்லை, பயத்தில் சொன்னார்கள். ஆனால் தங்கச்சி அழக்கூட ஒரு இடம் இல்லாமல் குளிக்கிற அறைக்குள் போய் அழுதாள். லாரி அடித்துச் செத்திருந்தால் பாவம் என்றிருப்பார்கள். நோயில் செத்ததால் அவன் திடீரென்று எங்கள் எதிரியாகிவிட்டான். மணிக்கு வெறி பிடிக்கவில்லை நண்பர்களே. அவனுக்கு நோய் வந்தது. கடைசிவரை எங்களில் ஒருவரைக்கூட அவன் பல்லால் தொடவில்லை. அந்தப் பெயரை அவனுக்கு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஊசிக்காக நான் இன்டர்னல் டெஸ்ட் ஒன்றை விட்டேன். ஹாஸ்டலில் ஒருத்தன் "நாய் செத்ததுக்கெல்லாம் லீவாடா?" என்று கேட்டான். அவனிடம் எனக்குக் கோபம் இல்லை. போன வருஷம் வேறு யாராவது லீவு போட்டிருந்தால் நானே கேட்டிருப்பேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் தெருநாய் விஷயமாக உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தபோது நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? 11-ஆம் தேதி டெல்லிப் பக்கத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னார்கள். 22-ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுங்கள், நோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றார்கள். பாதிப் பேர் "எல்லாத்தையும் கொல்லணும்", பாதிப் பேர் "வாயில்லா ஜீவன்". சாம்பார் ஆறுகிறவரை விவாதம். ரெண்டு கட்சியும் பேசியது யாருக்குமே சொந்தமில்லாத நாயைப் பற்றி. நம் ஊர்களில் அப்படிப்பட்ட நாய் எத்தனை? நம் தெருவில் கிடப்பதில் பெரும்பாலானவை மணி மாதிரி. ஒரு வீட்டில் சோறு, ஒரு வீட்டில் பேர், ஊசி போடும் நாளில் மட்டும் அநாதை. அதற்குப் பஞ்சாயத்தைக் குறை சொல்லலாம், அரசாங்கத்தைக் குறை சொல்லலாம். அவர்களுக்கும் வேலை இருக்கிறது, செய்யத்தான் வேண்டும். ஆனால் எங்கள் விஷயத்தில் அரசாங்கம் ரெண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஊசியை இலவசமாக வைத்துக்கொண்டு சாயந்திரம்வரை உட்கார்ந்திருந்தது. வராதவன் நான்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ், பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ் இரண்டுக்கும் வித்தியாசம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். லேத்துக்கு எண்ணெய் போடும் நாளைச் சார்ட்டில் எழுதி மாட்டுகிறோம். வீட்டில் மூச்சு விடுகிற ஒன்றுக்குச் சார்ட் இல்லை. அதுவும் இந்த நோயில் பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. 1885-இல் பாரிஸில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்து போட்டுக் காப்பாற்றினார். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இலேயே வந்துவிட்டது. மருந்து இல்லாததால் அல்ல, மருந்து இருக்கிற இடத்துக்கு நாம் போகாததால் நடக்கிற சாவு இது. உலகத்தில் இந்த நோயால் சாகிறவர்களில் சுமார் 36 சதவீதம் நம் நாட்டில் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு ஊரிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது அறுந்துவிடும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தேன், 23 நாய். பதினேழுக்குப் போட்டால் கணக்குச் சரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாய் கடித்தாலோ, பல் கீறினாலோ, காயத்தில் நக்கினாலோ, முதலில் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோழி, மீன் தின்னக்கூடாது என்று பத்தியம் சொல்வார்கள், அப்படி எதுவும் இல்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். எங்கள் அப்பத்தா இருபத்தெட்டாம் நாள் ஊசி முடித்த கையோடு அயிரைமீன் குழம்பு கேட்டது.

அந்த இருபத்தெட்டாம் நாள், மார்ச் 22, வீட்டுக்கு வரும்போது அப்பாவிடம் சொன்னேன். பட்டறை வாசலில், வண்டியை நிறுத்தியதும். "அப்பா, அன்னைக்கு முகாமுக்கு நான் மணியைக் கூட்டிட்டுப் போகலை. கண்மாய்க்கு விளையாடப் போயிட்டேன். அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். ஸ்டாண்டைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் டயரையே பார்த்தார்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு நான் கண்மாய்ப் பக்கமா லாரி ஒண்ணு டிரையல் பார்த்துட்டு வந்தேன். நீ பேட் பிடிச்சுட்டு நின்னே. அந்த நோட்டீஸை நானும்தான் டீக்கடையில தினம் பார்த்தேன். சாயந்திரம்வரைக்கும் ஊசி போட்டாங்க. நான் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

அதற்குமேல் ரெண்டு பேரும் பேசவில்லை. விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மாவுக்கு இதைப் படித்தால்தான் தெரியும்.

2025 செப்டம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை. கண்மாயில் அந்த வருஷமும் டோர்னமெண்ட். எங்கள் டீமில் நாலு பேரை இழுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கே கயிறும் பொறையுமாகக் கிளம்பினோம். நாய் பிடிப்பது கிரிக்கெட்டைவிடக் கஷ்டம். ஒன்று பந்தல்காலைச் சுற்றிச் சுற்றி எங்கள் விக்கெட் கீப்பரைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டது. ஒரு வீட்டில் "எங்க நாய் இல்லைப்பா அது" என்றார்கள். அது அவர்கள் வாசற்படியில்தான் படுத்திருந்தது. ஊசி போட்டு அட்டை வாங்கிவந்து கொடுத்தபோது, அந்த வீட்டு அக்காவே "பேரு கறுப்பன்னு எழுதியிருக்கலாம்ல" என்றார். மொத்தம் பதினாலு நாய். இன்னும் மூணு குறைகிறது. அதில் ஒன்று எங்கள் கையில் சிக்காமல் இன்றுவரை கோயில் மேடையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறது.

போன மாதம் தங்கச்சி ஒரு குட்டியைத் தூக்கிவந்திருக்கிறாள். வெள்ளையும் செவலையும் கலந்த கலர். அப்பா இந்தத் தடவை சோறு வைக்காதே என்று சொல்லவில்லை. மூணு மாசம் ஆனதும் முதல் ஊசி என்று டாக்டரிடம் கேட்டுவந்து, பீரோக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் தேதி எழுதி வைத்திருக்கிறார். அப்பத்தா இன்னும் அதன் கிட்டே போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்க்கிறது. தங்கச்சி பேர் வைக்கச் சொல்லிக் கேட்டதற்கு, "மொதல்ல ஊசியைப் போட்டுட்டு வாங்க, அப்புறம் வைக்கலாம்" என்று சொல்லிவிட்டது.